வள்ளியூர் தம்பிக்கு: டர்போ வண்டியில் இழுவை கூட்டுவது பற்றி

தம்பி கேட்டது இதுதான். கைமாறி வாங்கிய 2014-ம் வருட டீசல் கார். 1.3 லிட்டர் எஞ்சின், 75 குதிரைத்திறன், ஓடியது 1,20,000 கிலோமீட்டர். வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறார். ஆனி, ஆடி மாதங்களில் பணகுடி தாண்டிக் காவல்கிணறு விலக்கை நெருங்கும்போது வண்டி திணறுகிறது. லாரியை முந்த நினைத்தால் மூச்சு வாங்குகிறது. 18,000 ரூபாய்க்கு ஒரு எலக்ட்ரானிக் பெட்டியை எஞ்சினில் மாட்டினால் 30 குதிரை கூடும் என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். "மாட்டலாமா அண்ணாச்சி, டர்போ வெடித்துவிடுமா?" என்று கேட்கிறார்.

டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி. அது உடனே வெடித்துவிடாது. ஆனாலும் அந்தப் பெட்டி வேண்டாம். பெட்டி இருக்கட்டும், கம்பெனி கொடுத்த 75 குதிரையும் இன்றைக்கு உங்கள் வண்டியில் இருக்கின்றனவா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இருபத்தைந்து வருடமாகப் பாளையங்கோட்டையில் டீசல் வண்டிகளைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருக்கிறேன். "இழுவை கூட்டித் தாருங்கள்" என்று வந்த வண்டிகளில் பாதிக்கு மேல், இருந்த இழுவையைத் தொலைத்துவிட்டு வந்தவைதான்.

முதலில் அந்த ஆடிக்காற்றுக்கு உரிய பங்கைக் கொடுத்துவிடுவோம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் காவல்கிணற்றிலும் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அதே காற்றை எதிர்த்துத்தான் உங்கள் கார் போகிறது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். நீங்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், வண்டியின் முகத்துக்கு அது 120. தடை இரண்டேகால் மடங்கு ஆகிவிடும். சிறிய கார் ஒன்றுக்குக் காற்றைக் கிழிக்க மட்டும் 80 கிலோமீட்டரில் சுமார் 6 குதிரைத்திறன் போதும். அந்த எதிர்க்காற்றில் 13 வேண்டும். ஆக, ஆடி மாதம் ஏழெட்டுக் குதிரைகளைக் காற்றே தின்றுவிடுகிறது. புரட்டாசியில் அதே சாலையில் வண்டி நன்றாகப் போகிறது என்றால் பாதிக் குற்றவாளி காற்றுதான். அப்போதும் திணறினால் மேலே படியுங்கள்.

உங்கள் எஞ்சினைப் பற்றி. 1248 சிசி கொண்ட இந்த எஞ்சின் பியட் வீட்டுப் பிள்ளை. மாருதி, டாடா, பியட் மூன்று பேரும் வேறுவேறு பெயர் சூட்டி இதை விற்றார்கள். இதிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று உங்களுடையது: 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருப்பும் பலம். இன்னொன்று 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். எர்டிகாவிலும் சியாஸிலும் வந்தது அதுதான். இரண்டுக்கும் கொள்ளளவு ஒன்றே. 75-ல் இருப்பது நிலையான வடிவமுள்ள டர்போ. 90-ல் இருப்பது, புகை வந்து மோதும் இடத்தில் சிறு இறகுகள் திரும்பி வழியை அகட்டவும் குறுக்கவும் கூடிய டர்போ. கவனித்தீர்களா? எஞ்சினைப் பெற்ற கம்பெனியே 15 குதிரை கூட்டுவதற்கு டர்போவை மாற்றியிருக்கிறது. ஒரு ஸ்க்ரூவைக் கூடத் தொடாமல், தீப்பெட்டி அளவுள்ள ஒரு பெட்டி 30 குதிரை கூட்டும் என்றால், அந்தக் கம்பெனியில் இருந்த பொறியாளர்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று சொல்கிறேன். காமன் ரெயில் என்ற உங்கள் வகை டீசல் எஞ்சினில் 1,600 பார் அளவுக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) அழுத்தமேறிய டீசல் ஒரு குழாயில் காத்திருக்கும். அந்த அழுத்தத்தை அளந்து எஞ்சின் கணினிக்குச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. பெட்டி நடுவில் உட்கார்ந்துகொண்டு, "அழுத்தம் குறைவாக இருக்கிறது" என்று பொய் சொல்லும். கணினி அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். ஊசி திறந்திருக்கும் அதே நேரத்தில் கூடுதல் டீசல் இறங்கும். கணக்கு இவ்வளவுதான். கூடுதல் டீசலுக்கு ஏற்ற காற்று வந்ததா, புகை எவ்வளவு சூடாகிறது என்பதெல்லாம் பெட்டிக்குத் தெரியாது. வீட்டுக் கணக்குப்பிள்ளைக்குப் பொய்க் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் சரியாகச் செலவு செய்வார் என்று எதிர்பார்ப்பது போன்றது இது.

எஞ்சின் உண்மையில் காற்றில்தான் ஓடுகிறது. உங்கள் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும்போது, டர்போ இல்லாவிட்டால் கூட, சுமார் 2,500 லிட்டர் காற்றை அது விழுங்க வேண்டும். டர்போ அந்தக் காற்றை நெருக்கி, அதே இடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடையுள்ள காற்றை உள்ளே தள்ளுகிறது. ஆல்பிரட் பியூஹி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. வீணாக வெளியே போகும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்ற வைக்கிறோம். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அமுக்குகிறது. சிறிய கார்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றும். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒரு ஆயில் படலம் மட்டும்தான்.

ஆகவே இழுவை குறைந்தால் முதல் கேள்வி, உள்ளே போக வேண்டிய காற்று போகிறதா என்பதே.

ஏர் பில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் போய் வரும் வண்டி என்றால் தேரி மண் சிவப்பாக அப்பியிருக்கும். முகப் பவுடர் மாதிரி நைஸான மண் அது. கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் கணக்கு தேரிக்காட்டுக்குப் பொருந்தாது. அதில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள். எண்ணெய் தடவிய பருத்தி பில்டர் மாட்டினால் காற்று தாராளமாகப் போகும் என்று விற்பார்கள். காற்று போகும், கூடவே மண்ணும் போகும். டர்போவின் அமுக்கும் சக்கரத்தின் முனைகளை அந்த மண் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். பில்டரில் தடவிய எண்ணெய் காற்றை அளக்கும் சென்சாரின் மேல் படிந்து தப்பான அளவைச் சொல்ல வைக்கும். நம் ஊருக்குக் காகித பில்டரே போதும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அடுத்து ஹோஸ்கள். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் பத்து வருடத்தில் இறுகி வெடித்திருக்கும், கிளாம்பு தளர்ந்திருக்கும். வண்டி நிற்கும்போது விரிசல் கண்ணுக்குத் தெரியாது, அழுத்தம் ஏறும்போதுதான் வாயைத் திறக்கும். ஹோஸ் இணையும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு வளையமாகத் தெரிந்தால் காற்று அங்கேதான் கசிகிறது. மிதிக்கும்போது உஸ் என்ற சத்தமும் பின்னால் கரும்புகையும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். டீசல் போதுமான அளவு இறங்குகிறது, காற்று பாதி வழியில் ஓடிவிடுகிறது. இணைப்பின் ஒரு முனையை அடைத்து, அரை பார் அழுத்தத்துக்குக் காற்று விட்டு, சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்குகிற வித்தைதான்.

மூன்றாவதாக, புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் வழியாகத் திரும்பி வரும் புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து, காற்று எஞ்சினுக்குள் நுழையும் இன்டேக் மேனிபோல்டில் அப்பிக்கொள்ளும். லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசலில் அதைத் திறந்து பார்த்தால் அடிப்பிடித்த அல்வாச் சட்டி கெட்டது போங்கள். பெருவிரல் நுழைய வேண்டிய வழியில் சுண்டுவிரல்தான் நுழையும். கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு நாள் வேலை. இதைச் செய்துவிட்டுப் போன ஒருவர், "எஞ்சினை மாற்றிவிட்டீர்களா" என்று போனில் கேட்டார். காற்று அளக்கும் சென்சாரையும் அப்போதே அதற்கென்று விற்கும் ஸ்பிரே கொண்டு சுத்தம் செய்யலாம். பெட்ரோலில் கழுவிக் கெடுத்துவிட வேண்டாம்.

டீசலைப் பீய்ச்சும் ஊசிகளான இஞ்செக்டர்களைச் சோதிப்பது எளிது. நான்கிலிருந்தும் திரும்பி வழியும் டீசலை நான்கு சிறு பாட்டில்களில் பிடித்து ஒப்பிட வேண்டும். ஒன்றில் மட்டும் அதிகம் வழிந்தால் அதுதான் நோயாளி. பிரேக் காலிப்பர் இறுகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடும் வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு ரிம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சுடக்கூடாது. முந்துவதற்கு மிதிக்கும்போது எஞ்சின் சுற்று விர்ரென்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. அந்த நிலையில் குதிரையைக் கூட்டி என்ன பயன்? வண்டிக்கும் குதிரைக்கும் நடுவில் கயிறே அறுந்து கிடக்கிறதே.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. எஞ்சின் கணினியின் தகவலைப் படிக்க வண்டியிலேயே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவி ஒன்றும் போனில் ஒரு செயலியும் போதும். இன்டேக் அழுத்தத்தைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் வள்ளியூரில் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். அது வெளியில் இருக்கும் காற்றின் அழுத்தம். பிறகு ஆளில்லாத சாலையில், மூன்றாவது கியரில், 1,800 சுற்றிலிருந்து முழுவதும் மிதித்து 3,000 வரை போங்கள். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுபவர் பார்க்க வேண்டாம். அந்த எண் 200-ஐத் தாண்டி நிற்க வேண்டும். 150, 160-லேயே நின்றுவிட்டால் காற்று கசிகிறது, அல்லது வேஸ்ட்கேட் மூடவில்லை, அல்லது டர்போ தேய்ந்துவிட்டது. 30 குதிரைப் பெட்டியைத் தேடி நீங்கள் போகிறீர்கள். தொலைந்த 20 குதிரை இந்த எண்ணில் ஒளிந்திருக்கக் கூடும்.

வேஸ்ட்கேட் என்றதும் என் பழைய பாவக் கதை நினைவுக்கு வருகிறது. அது என்னவென்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்குவது சுலபம். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாக வெளியேறும் அல்லவா? டர்போவுக்கு வேஸ்ட்கேட்தான் மறுகால். காற்றழுத்தம் குறித்த அளவை எட்டியதும் ஒரு சிறு கதவு திறந்து, மிச்சப் புகையைச் சக்கரத்தில் மோதவிடாமல் பக்கவாட்டில் அனுப்பிவிடும். இந்தக் கதவை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பியில் மரை உண்டு. அதைச் சில சுற்று முறுக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும், அழுத்தம் கூடும்.

2006 வாக்கில் என்னிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. கணினி எதுவும் கிடையாது. இயந்திர டீசல் பம்பு, ஒரு டர்போ, அவ்வளவுதான். புத்தகத்தில் படித்த சூட்டில் வேஸ்ட்கேட் கம்பியை நான்கு சுற்று முறுக்கினேன். பம்பில் டீசல் அளவைக் கூட்டும் முழுச்சுமை ஸ்க்ரூவையும் அரைச் சுற்று திருப்பினேன். ஜீப் பறந்தது. உண்மையாகவே பறந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரு மாதம் ஊரெல்லாம் பெருமை பேசினேன். சாரல் தொடங்கியதும் குடும்பத்தோடு குற்றாலம் கிளம்பி, ஆலங்குளம் தாண்டும்போது ரேடியேட்டர் மூடி வழியாகத் தண்ணீர் கொப்பளித்தது. எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனின் தலையில் விளிம்பு உருகி வழிந்திருந்தது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். உள்ளே எரியும் வாயுவின் சூடு அதைவிடப் பல மடங்கு. கீழிருந்து ஆயிலும் பக்கத்திலிருந்து சிலிண்டர் சுவரும் சூட்டை இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் பிஸ்டன் பிழைக்கிறது. அவை இழுக்கும் வேகத்தைவிட நான் ஊட்டிய சூடு அதிகம். மறுகாலை அடைத்துவிட்டு, குளம் பெரிதாகிவிட்டது என்று மகிழ்ந்தவன் நான். கரை உடைந்ததுதான் மிச்சம். குற்றாலத்துக்கு அன்று பஸ்ஸில் போனோம். அதை இன்றைக்கும் வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள்.

சரி, வண்டி முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது, இதற்கு மேலும் வேண்டும் என்கிறீர்கள். அப்போது உங்களுக்கு எதிரி சூடுதான். காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். வெளியே 40 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம். டர்போ அந்தக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குகிறது. சாதாரணமாக 70 சதவீதத் திறமையுள்ள டர்போவிலிருந்து வெளியே வரும் காற்று சுமார் 138 டிகிரியில் இருக்கும். சூடான காற்று விரியும், எடை குறையும். நடுவில் இன்டர்கூலர் வைத்து அதை 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அதே அழுத்தத்தில் ஏறக்குறைய 23 சதவீதம் கூடுதல் எடையுள்ள காற்று கிடைக்கிறது. டர்போவை ஒரு சுற்றுக் கூட அதிகம் சுற்ற வைக்காமல் வரும் லாபம் இது. எஞ்சினுக்கும் சூடு குறைகிறது. இன்டர்கூலர் உள்ள வண்டிகளில் அதைக் கழற்றி உள்ளே சேர்ந்த எண்ணெயை வடித்து, வெளியே அடைத்த பூச்சியையும் மண்ணையும் எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது செலவே இல்லாத வேலை. பெரியதாக மாற்றுவது அடுத்த படி. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை சிக்னல்களில் நின்று நின்று போகும்போது வண்டி சோர்வதும், கார்த்திகை மழை நாளில் துள்ளுவதும் உங்கள் கற்பனை அல்ல. 25 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரிக் காற்று 5 சதவீதம் இலேசானது.

மலை ஏறினால் கதை வேறு. மாஞ்சோலை 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சின் அந்தப் பங்கை அப்படியே இழக்கும். டர்போ எஞ்சின் சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுற்றி அதை ஈடுகட்டும். இழுவை கூட்டி டர்போவை ஏற்கெனவே அதன் எல்லையில் நிறுத்திவிட்டவருக்கு, மலையில் ஈடுகட்ட இடமே இருக்காது. சமவெளியில் சரியாக ஓடிய டர்போ மலைச் சாலையில் போவதற்கு இது ஒரு காரணம்.

கணினியை மறுபடி எழுதுவது, ரீமேப் என்பார்கள், பெட்டியைவிட எவ்வளவோ நேர்மையான வழி. எந்தச் சுற்றில் எவ்வளவு டீசல், எப்போது, எவ்வளவு காற்றழுத்தம், எந்தச் சூட்டில் குறைக்க வேண்டும் என்று கணினிக்குள் அட்டவணைகள் இருக்கின்றன. தெரிந்தவர் அவற்றை ஒன்றோடொன்று பொருந்தும்படி மாற்றுவார். கம்பெனி எல்லா ஊருக்கும் எல்லா ஓட்டுநருக்கும் சேர்த்துக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வைத்திருக்கும். அந்த இடத்தில் 15 முதல் 20 சதவீதம் எடுப்பது நியாயமான ஆசை. உங்கள் வண்டிக்கு அது 86 முதல் 90 குதிரை. "உங்கள் மாடலுக்கு பைல் இருக்கிறது" என்று சொல்லிப் பத்து நிமிடத்தில் ஏற்றித் தருபவரிடம் போகாதீர்கள். முன்னும் பின்னும் டைனோவில், அதாவது குதிரைத்திறனை அளக்கும் மேடையில், ஓட்டி வரைபடம் காட்டுபவரிடம், பழைய பைலை உங்களிடமே பத்திரமாகத் தருபவரிடம் போங்கள். கோயம்புத்தூர் வரை போக வேண்டியிருந்தாலும் டீசல் செலவைப் பார்க்காதீர்கள். புகை வெளியேறும் குழாயில், டர்போவுக்கு முன்னால், வெப்பமானி பொருத்திப் பாருங்கள். டீசலில் தொடர்ந்து 700 டிகிரியைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வது நான் ஜீப்பில் கற்ற பிறகு வைத்திருக்கும் வரம்பு. நல்ல ரீமேப்பில் கரும்புகை வராது. புகை தள்ளினால்தான் பவர் என்று நினைப்பவர்கள் டீசலைக் கரியாக்கிக் காசைக் காற்றில் விடுகிறார்கள்.

எஞ்சின் தாங்கினாலும் அடுத்துள்ள பாகம் தாங்க வேண்டும். முறுக்குவிசை முதலில் அடிப்பது கிளட்சை. இதற்குப் பெட்ரோல் பக்கத்திலிருந்து ஒரு உதாரணம். போக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 1.5 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சின் 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதோடு வரும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் தாங்கும் அளவாகக் கம்பெனி குறித்திருப்பதும் 250 நியூட்டன் மீட்டர்தான். கோடு வரை வந்து நிற்கிறது. எஞ்சினில் 300 எடுக்க முடியும் என்று ஒருவர் காட்டலாம். அந்தக் கிளட்ச் எத்தனை நாள் தாங்கும் என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். உங்கள் வண்டி சாதாரண கிளட்ச் என்பதால் செலவு குறைவு. ஆனால் 1,20,000 ஓடிய பிளேட்டோடு ரீமேப் செய்தால், அடுத்த மாதம் கிளட்ச் வேலைக்கு என்னிடமே வருவீர்கள்.

பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக் கூடும் என்பதால் அவர்களுக்கும் கொஞ்சம். அங்கே எல்லை போடுவது நாக்கிங், அதாவது தீப்பொறி மூட்டிய நெருப்பு பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிப்பது. அழுத்தமும் சூடும் கூடக் கூட அது நெருங்கும். பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்குவதைக் குறிக்கும் ஆக்டேன் எண் கூடினால் விலகும். 95, 100 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் மட்டும் பவர் கூடும் என்பது பாதி உண்மை. கணினி அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தால்தான் கூடும். பலேனோ ஆர்எஸ்ஸில் 2017-ல் வந்த 1.0 லிட்டர் டர்போ இங்கே 102 குதிரை, 150 நியூட்டன் மீட்டர். அதே எஞ்சின் ஐரோப்பாவில் 111 குதிரை, 170 நியூட்டன் மீட்டர். நம் பெட்ரோலையும் வெயிலையும் யோசித்துத்தான் குறைத்தார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். இன்னொரு ஆபத்தும் உண்டு. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சிறு டர்போ எஞ்சின்களில், 1,500 சுற்றில் மேல் கியரில் வைத்துக்கொண்டு முழுவதும் மிதித்தால், தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டன் உடையக் கூடும். இதைக் குறைக்கவென்றே ஆயில் தரம் 2018-ல் ஏபிஐ எஸ்என் பிளஸ் என்றும் 2020-ல் எஸ்பி என்றும் திருத்தப்பட்டது. ஆயில் டப்பாவின் பின்பக்கத்தில் அந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். ரீமேப் செய்பவர் கீழ்ச் சுற்றில் முறுக்குவிசையை அள்ளிக் கொட்டியிருந்தால், ஓட்டும்போது இனிக்கும். ஒர்க்ஷாப் பில் கசக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின் கீழ், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல்களில் புகைக்கரி பிடிக்கும் வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்டால் மூச்சு சுலபமாகும் என்று சொல்பவர்கள் நம் பக்கமும் இருக்கிறார்கள். நான் அந்த வேலைக்குக் கை வைக்க மாட்டேன். அந்தக் கரி நேரே பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவரின் நெஞ்சுக்குள் போகிறது.

உங்கள் முந்தும் பிரச்சினையில் பாதி கியரில் இருக்கிறது, தம்பி. இந்த எஞ்சின் 1,800 சுற்றுக்குக் கீழே தூங்கும். டர்போவைச் சுற்ற வைக்கப் போதிய புகை அப்போது இல்லை. 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் என்றால் கையில் இருப்பது 54 குதிரைதான். 75 வேண்டுமானால் 4,000-ஐ நெருங்க வேண்டும். ஐந்தாவது கியரில் 70-ல் போய்க்கொண்டே லாரிக்குப் பின்னால் மிதித்தால், அந்தத் தூக்கத்திலிருந்து எழுப்பவே மூன்று நான்கு நொடி போய்விடும். லாரியை நெருங்கும் முன்பே மூன்றாவதுக்கு இறக்கி, சுற்று 2,500-க்கு மேல் நின்ற பிறகு வெளியே எடுங்கள். பெட்டி தருவதாகச் சொல்லும் வேகத்தில் பாதியை இது இலவசமாகத் தரும். அதே போல, நான்கு வழிச்சாலையில் 100-ல் விரட்டி வந்து காப்பிக் கடை வாசலில் சட்டென்று அணைக்காதீர்கள். சூடான டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் கருகிக் கட்டியாகும். கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். ஆயிலை 10,000 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போடாமல் 7,500-ல் மாற்றுங்கள். எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். பழைய ஆயில் செயினையும் தின்னும்.

இந்த வாரம் பில்டரையும் ஹோஸையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், காற்று எழும் முன், அந்தப் புளூடூத் கருவியோடு ஒரு ஓட்டம் போங்கள். மூன்றாவது கியரில் 2,000, 2,500, 3,000 சுற்றுகளில் இன்டேக் அழுத்தம் எவ்வளவு, பின்னால் புகை என்ன நிறம், கடைசியாகக் கிளட்ச் எந்தக் கிலோமீட்டரில் மாற்றியது. இவற்றை எழுதி அனுப்பினால், ரீமேப் வரை போகலாமா வேண்டாமா என்று அடுத்துச் சொல்கிறேன். 18,000 ரூபாயை அதுவரை பையிலேயே வைத்திருங்கள். அல்வாச் சட்டி மேனிபோல்டுக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் அது தேவைப்படும்.